எதிராளி கோமாளின்னா நான் எதுக்கு முட்டி போடணும்?

நாடகம் போட நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நவம்பர் மாதத்தில் தகரக் கூரை போட்ட மண்டபத்தை எடுக்காதீர்கள். நாங்கள் எடுத்தோம். 2023 நவம்பர் 25, சனிக்கிழமை இரவு எட்டே கால் மணி. எங்கள் மேடை ரோமாபுரியில் கலிலியோ ஒரு கார்டினலோடு, அதாவது கத்தோலிக்க சர்ச்சின் மேல்மட்டக் குருவோடு, வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் பத்து நிமிடத்துக்கு இரண்டு பேரும் வாயை அசைப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஊர் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம் என்கிற ரப்பர் மரம், இப்போது செம்பனை. தோட்டத்து லயங்கள் போய்த் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் வந்துவிட்டன. ஆனாலும் ஊர் இன்னும் தோட்டத்துப் பழக்கத்தில்தான் இருக்கிறது. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை எல்லாருக்கும் தெரியும். நான் ஓர் எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். எண்ணெயில் அமிலம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்ப்பது என் பிழைப்பு. நாடகத்துக்கும் எனக்கும் அதற்கு முன் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

2019 டிசம்பர் 26-இல் வந்த கங்கண சூரிய கிரகணத்தில்தான் இது தொடங்கியது. ஜொகூரின் தென்கோடியில் சூரியன் வளையமாகவே தெரிந்தது. எங்கள் பக்கம் வளையம் இல்லை, ஆனால் பெரும்பகுதி மறைந்தது. மதியம் ஒரு மணிக்கு மேல் வெயில் மங்கியபோது எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக் கதவுகூடத் திறந்திருக்கவில்லை. நானும் என் மகளும் மட்டும் வெளியே நின்றோம். மைலோ டின்னின் அடியில் ஊசித் துளை போட்டு, வாயில் எண்ணெய்த்தாள் கட்டி, அதில் பிறையாக விழுந்த சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு அத்தை ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து, "பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போப்பா, சொன்னா கேளு" என்றார். நான் போகவில்லை. அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அன்று இரவு மகளுக்குக் கலிலியோ கதையைச் சொன்னேன், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காக சர்ச் விசாரித்துத் தண்டித்த இத்தாலிய விஞ்ஞானியின் கதை. நான் சொன்னதில் பாதி தப்பு என்பது நான்கு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

நடுவில் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாம் அடங்கிப்போனது. 2023-இல் இளைஞர் குழுவினர் தீபாவளி முடிந்ததும் ஒரு மேடை நிகழ்ச்சி வேண்டும் என்றார்கள். நகைச்சுவை நாடகம் என்றுதான் பேச்சு. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கலிலியோ என்றேன். "நீங்களே எழுதுங்கண்ணே" என்று தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் பிரதியில் சர்ச் ஆட்கள் எல்லாரும் கோமாளிகள். கார்டினலாக வந்த தம்பி டிக்டாக்கில் சிரிப்புக் காட்டுகிறவன். தொலைநோக்கியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "ஐயோ, சாத்தான் குட்டியூண்டா இருக்கானே" என்பான். ஒத்திகையில் வயிறு குலுங்கச் சிரித்தோம். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை, கலிலியோவாக நடித்த தாத்தா.

தாத்தாவுக்கு அப்போது 67 வயது. சின்ன வயதில் பால் வெட்டியவர், அப்புறம் லோரி ஓட்டியவர். தோட்டத்தில் காமன் கூத்து நடந்த காலத்தில் ரதிக்குப் பாடியவர். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "எதிராளி கோமாளின்னா நான் எதுக்கு முட்டி போடணும்? நாலு போடு போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவேனே!"

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து பிரதியை மறுபடி படித்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. கடைசிக் காட்சியில் ஒரு கிழவன் மண்டியிட்டுத் தன் வாழ்நாள் உழைப்பையே மறுக்கிறான். அவனை மண்டியிட வைப்பவர்களுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் நான் கனமாக எதையும் கொடுக்கவே இல்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க அந்தக் கார்டினல் வளர்ந்துகொண்டே போனார். கார்டினல் பெல்லார்மின் 1615-இல் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. பூமி சுற்றுகிறது என்பதற்கு உண்மையான நிரூபணம் இருந்தால், அதற்கு மாறாகத் தோன்றும் வேத வசனங்களை மிகவும் யோசித்து வேறு விதமாக விளக்க வேண்டும். ஆனால் அப்படி ஒரு நிரூபணத்தை எனக்குக் காட்டும்வரை நம்பமாட்டேன் என்பது அதன் சாரம். ஆய்வுக்கூடத்தில் என் மேலதிகாரியும் என்னிடம் தினமும் இதைத்தான் கேட்கிறார்!

சங்கடம் என்னவென்றால், அன்றைக்குக் கலிலியோவின் கையில் முடிவான நிரூபணம் இல்லை. 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைப் பார்த்தார். அந்த வருடக் கடைசியில் வெள்ளியும் நிலாவைப் போலத் தேய்ந்து வளர்வதைப் பார்த்தார். எல்லாம் பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற பழைய கணக்கை உடைக்க அது போதும். ஆனால் பூமிதான் நகர்கிறது என்று அடித்துச் சொல்ல அது மட்டும் போதாது. பூமி நகர்வதால் நட்சத்திரத்தின் இடம் கொஞ்சம் மாறித் தெரிய வேண்டுமே, அதை ஒருவர் அளந்து காட்டியது 1838-இல்தான். கலிலியோ பெரிதும் நம்பியது கடல் ஏற்ற இறக்கத்தை. பூமியின் ஓட்டத்தில் கடல் தளும்புகிறது என்றார். நிலாவுக்கு அதில் பங்கு உண்டு என்று வானியலாளர் கெப்ளர் சொன்னதைக் கேலி செய்தார். அங்கேதான் தவறினார்.

எங்கள் ஊரில் இதைவிட நல்ல காட்சி கிடைக்குமா? சிலாங்கூர் ஆற்று முகத்துவாரம் பக்கத்தில் இருக்கிறது. அமாவாசை பௌர்ணமிக்குத் தண்ணீர் ஏறும் என்பதும், ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும் என்பதும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கலிலியோவின் கணக்குப்படி ஒரு தடவைதான் ஏற வேண்டும். அதனால் ஒரு படகோட்டியை உண்டாக்கினேன். "ஐயா, எங்க ஊர்ல ரெண்டு வாட்டி ஏறுதுங்களே" என்று அவன் கேட்பான். கலிலியோ எரிந்து விழுவார். மண்டபம் படகோட்டியின் பக்கம் சிரித்தது. கதாநாயகனும் தப்புச் செய்வான் என்று காட்டிவிட்டால் போதும், சனம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறது.

அடுத்தது மொழி. முதல் பிரதியில் எல்லாரும் செந்தமிழ் பேசினார்கள். வேலைக்காரக் கிழவியாக நடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கிரகணத்தன்று ஜன்னலைத் திறந்த அதே அத்தைதான். "யான் அறியேன் பெருமானே" என்று அத்தை சொல்வதைக் கேட்க முடியவில்லை. படித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது: கலிலியோ தன் 1632 நூலை லத்தீனில் எழுதாமல் இத்தாலியனில் எழுதினார், படித்த பண்டிதர் அல்லாதவரும் வாசிக்கட்டும் என்று. அன்று இரவே பிரதியைப் பிரித்து எழுதினேன். ரோமில் உள்ளவர்கள் செந்தமிழ் பேசுவார்கள். கலிலியோ வீட்டில் தோட்டத்துத் தமிழ். விசாரணையில் மட்டும் கலிலியோவும் செந்தமிழில் பேச வேண்டிவரும், அதில் தடுமாறுவார். தோட்டத்து ஆபீசில் கிராணி (எழுத்தர்) இங்கிலீஷில் கேட்க, வாய் வராமல் நின்ற ஆட்களைப் பார்த்த ஊர் இது. யாருக்கும் நான் விளக்க வேண்டி இருக்கவில்லை.

அத்தைக்கு வசனம் தானாக வந்தது. தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்பார்கள். வெள்ளி தேய்ந்து வளர்வதைக் கலிலியோ குதித்துக் குதித்துச் சொல்லும்போது அவர் சேர்த்துக்கொண்டார்: "அந்த வெள்ளியப் பார்த்துத்தானேய்யா காலம்பூரா பெரட்டுக்குப் போனேன். அது பாதிதான் இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?" நான் எழுதிய எந்த வரிக்கும் அவ்வளவு கைதட்டல் கிடைக்கவில்லை.

கலிலியோவின் மகள் மரியா செலஸ்தேயாக நடிக்க ஒரு கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை வந்திருந்தாள். மூன்றாவது ஒத்திகையோடு நின்றுவிட்டாள். "சர்ச்சக் கேலி பண்ற நாடகமாமே" என்று அவள் அம்மா சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கோமாளி கார்டினலை நீக்கிய பிறகு பிரதியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் தாத்தா பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தே ஓ ஆறிப்போகும்வரை படித்தார். பிறகு பென்சிலால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டார்.

ஒன்று, 1633 விசாரணையில் பெல்லார்மினை உட்கார வைத்திருந்தேன். "இவரு 1621-லயே இறந்துட்டாரே தம்பி." இரண்டாவது, கலிலியோவைச் சித்திரவதை செய்யும் காட்சி. செய்வோம் என்று மிரட்டினார்களே தவிரச் செய்யவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குத்திக்காட்டவில்லை. "மிரட்டினது போதாதா? 69 வயசு ஆளு" என்றார். சாட்டையும் அலறலும் வெட்டுப்பட்டன. அந்த இடத்தில் ஒரு எழுத்தர் அமைதியாக ஒரே வரியை வாசித்துவிட்டு மையைத் துடைப்பார். அலறலைவிட அதுதான் பயமாக இருந்தது.

எதிர்த் தரப்பு ஆள் ஒருவரிடம் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் தப்பை உங்கள் கூட்டாளிகள் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அவரே இன்னொன்றும் சொன்னார். தண்டனையில் ஒரு பகுதி, மூன்று வருடத்துக்கு வாரம் ஒரு முறை ஏழு தவப் பாடல்களைச் சொல்வது. கன்னியர் மடத்தில் இருந்த மகள், அப்பாவுக்குப் பதில் அதை நான் சொல்கிறேன் என்று ஏற்றுக்கொண்டாள். அடுத்த வருடமே, 33 வயதில் இறந்தும் போனாள். அந்தக் காட்சியை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பிள்ளையின் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றபடியே படித்தார். ஏழு பாடலில் திருப்பாடல் 130-ஐத்தான் அவள் பாட வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். சரி, பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று வீடு திரும்பினேன்.

அதற்கப்புறம் நம் பக்கத்திலிருந்து இடி. நாடகத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மண்டபக்காரர்கள் கூப்பிட்டு, சாமி குற்றம் சொல்கிற நாடகம் என்று வாட்சாப்பில் வருகிறது, மண்டபம் தர யோசனையாக இருக்கிறது என்றார்கள். இத்தாலியில் நடந்த கதை, நம் சாமியே வரவில்லை என்றேன். "இன்னிக்கு அவங்க சாமி, நாளைக்கு நம்ம சாமி" என்று ஒருவர் சொன்னார். உண்மையைச் சொன்னால், அது அவ்வளவு மட்டமான வாதமும் இல்லை. கோயில் ஐயர் சரி என்றால் நாங்களும் சரி என்று பந்தை அவர் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

ஐயர் பிரதியைக் கையில் வாங்கவில்லை. "நீங்களே படிங்கோ, கேக்கறேன்" என்று கோயில் திண்ணையில் உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் படித்தேன். முடித்ததும் அவர் கேட்ட கேள்வி நான் எதிர்பார்க்காதது. "இந்த வருஷம் சனிப்பெயர்ச்சி எத்தனை தெரியுமோ?"

இரண்டு! திருக்கணிதப்படி ஜனவரி 17-இல் சனி கும்பத்துக்குப் போயாயிற்று. வாக்கியப்படி டிசம்பர் 20-இல்தான் போக இருந்தது. வாக்கியம், பழைய வாய்பாட்டுக் கணக்கு. திருக்கணிதம், வானத்தில் கிரகம் நிற்கும் இடத்தோடு ஒத்துவரும்படி திருத்திய கணக்கு. "எங்களுக்குள்ளயே நூறு வருஷத்துக்கு மேல இந்தச் சண்டை ஓடிண்டிருக்கு. யாரும் யாரையும் முட்டி போட வைக்கலை" என்று சிரித்தார். மண்டபம் கிடைத்தது. பூசாரி வேடம் எதுவும் மேடைக்கு வரக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

பிறகு தேடிப் பார்த்தேன். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 19-ஆம் நூற்றாண்டில் இந்தத் திருத்திய பஞ்சாங்கத்தை வெளியிட்டுப் பண்டிதர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்ததை விளக்கி நூல் எழுதியவரும் அவர்தான். எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் கலிலியோவை விட்டுவிட்டு அவரையே மேடையேற்றியிருப்பேன்.

என்னோடு வேலை செய்யும் மலாய் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் புக்கிட் மெலாவாத்தியை நினைவுபடுத்தினார். நோன்பு மாதப் பிறை பார்க்கச் சமய அதிகாரிகளே அந்தக் குன்றுக்குத் தொலைநோக்கியோடு வருகிறார்கள். பள்ளிச் சுற்றுலாவில் பத்துத் தடவை போயிருக்கிறேன், குரங்குக்குக் கச்சான் போட்டதுதான் நினைவில் நிற்கிறது.

மேடை வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்தச் செலவு 1,135 வெள்ளி (ரிங்கிட்). மண்டபம் 300, மைக்கும் விளக்கும் 450, துணி 160, தொலைநோக்கிக்குப் பி.வி.சி. குழாய், சாயம், அட்டை 35, மிச்சம் சாப்பாடு. பதினொரு ஒத்திகை, எல்லாம் ஞாயிறு மாலை. ஷிப்டு வேலைக்காரர்களை வேறு நாளில் பிடிக்கவே முடியாது. விசாரணையில் தீர்ப்புச் சொல்லும் பத்து கார்டினல்களுக்கு ஆள் இல்லை. கல்யாண நாற்காலி பத்தை எடுத்துச் சிவப்புத் துணி போட்டு வரிசையாக வைத்தோம். எழுத்தர் தீர்ப்பை ஒவ்வொரு நாற்காலியிலும் வைத்து முத்திரை குத்திக்கொண்டே போவார். பத்தில் ஏழு பேர்தான் கையெழுத்திட்டார்கள் என்பது வரலாறு. மூன்று நாற்காலியை அவர் பேசாமல் தாண்டிப் போனார். ஆள் பஞ்சத்தில் செய்தது, நாடகத்திலேயே நல்ல இடமாகிவிட்டது.

வியாழனின் நிலவுகளுக்கு நான்கு பிள்ளைகள், கறுப்புச் சட்டை, கையில் டார்ச் லைட். நடுவில் தாள்விளக்கோடு ஒருவன். 1610 ஜனவரி 7-ஆம் தேதி இரவு மூன்று வெளிச்சம். தேதி சொல்லச் சொல்ல இடம் மாறும், ஒன்று பின்னால் மறையும். 13-ஆம் தேதி நான்கு. பிள்ளைகள் இந்தக் காட்சி முடிந்ததும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

தாத்தா கூத்துக்காரர். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். மைக்கோடு அவர் பேசினால் ஒலிபெருக்கி அலறும். அவருக்கு மட்டும் மைக் வேண்டாம் என்றோம், கோபித்துக்கொண்டார். கடைசியில் அணைத்த மைக் ஒன்றைச் சட்டையில் குத்திவிட்டோம். மழை கொட்டிய அந்தப் பத்து நிமிடமும் காதில் விழுந்த ஒரே குரல் அவருடையதுதான் என்று பின்வரிசைக்காரர்கள் சொன்னார்கள்.

எனக்கும் தாத்தாவுக்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவே இல்லை. 1633 ஜூன் 22-இல் கலிலியோ மண்டியிட்டு மறுத்துவிட்டு எழும்போது, "ஆனாலும் அது சுற்றத்தான் செய்கிறது" என்று முணுமுணுத்ததாக ஒரு கதை உண்டு. அந்தக் காலத்துப் பதிவு எதிலும் அது இல்லை. தாத்தாவுக்கு அந்த வரி வேண்டும். "கைதட்டு வாங்குற எடத்த வெட்டிட்டியே" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார். நான் விடவில்லை. வசனமே இல்லாமல் எழுந்து நடந்து போங்கள் என்றேன்.

அன்று இரவு அவர் அப்படியே செய்தார். மழை விட்டிருந்தது. மண்டியிட்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். எழ முடியாமல் தரையில் கையை ஊன்றினார். நடிப்பில்லை, மூட்டுவலி. மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. முன்வரிசையில் டார்ச்சோடு உட்கார்ந்திருந்த ஒரு பயல் உரக்கக் கத்தினான்: "அது சுத்துதுன்னு சொல்லுங்க தாத்தா!"

மண்டபமே சிரித்துவிட்டது. நான் திரைக்குப் பின்னால் தலையில் கையை வைத்துக்கொண்டேன். தாத்தா பயலைப் பார்த்தார், என் பக்கம் ஒரு தடவை பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நடந்து போனார். காட்சி கெட்டதா, நன்றாக வந்ததா என்று இன்றைக்கும் எங்களுக்குள் வாதம் ஓய்ந்தபாடில்லை.

நாற்காலிகளை அடுக்கி முடித்தபோது மணி பத்தரை தாண்டிவிட்டது. வானம் தெளிந்திருந்தது. உச்சியில் நிலா, பக்கத்திலேயே வியாழன். ஒரு தம்பி வீட்டிலிருந்து பைனாக்குலர் கொண்டுவந்தான். தலைக்கு மேலே இருப்பதை நின்றபடி பார்த்தால் கை ஆடும். லோரியின் பின்பலகையில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்தோம். அத்தை வேலைக்காரி வேடத்தைக் கலைக்காமலே ஏறிப் படுத்துக்கொண்டார். "எனக்கு மூணுதான் தெரியுது" என்றார். தம்பி நான்கு என்றான். கொஞ்ச நேரம் அதற்கு ஒரு சண்டை நடந்தது.

ஐயர் கோயிலைப் பூட்டிவிட்டு வந்தார். "சனி பகவான் எங்கே?" மேற்கே செம்பனை மரங்களுக்கு மேல் மஞ்சளாக நின்ற புள்ளியைக் காட்டினேன். வளையமெல்லாம் இதில் தெரியாது, கலிலியோவுக்கே 1610-இல் மூன்று உருண்டை ஒட்டிக்கொண்டிருப்பது போலத்தான் தெரிந்தது என்றேன். அவர் லோரியின் ஓரத்தில் சாய்ந்து நீண்ட நேரம் பார்த்தார்.

"எந்த ராசில நிக்கறார்?"

"கும்பத்துலதான் ஐயரே."

பைனாக்குலரைத் திருப்பிக் கொடுத்தார். "எங்க கணக்குக்கு இன்னும் இருபத்தஞ்சு நாள் இருக்கு. அதுவரைக்கும் நான் பாக்கலை."